பதினாறு கரண்டி

1. மேஜை வரை போய்த் திரும்பியது

ஆபரேஷன் மேஜையில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, "எழுந்திரிங்க, வீட்டுக்குப் போங்க" என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை அனுபவித்தவன் நான்.

என் பெயர் கணேசன். சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். தில்லியில் ஒரு மத்திய அரசு அலுவலக கேண்டீனில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். கூப்பன் கிழிக்கிற கவுண்டரில் சேர்ந்து, கடைசிப் பதினேழு வருடம் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றேன். கேண்டீன் லைனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆர்.கே.புரத்தில் நண்பர்கள் கேட்டார்கள். ஸ்டாக், கேஸ், டெண்டர் பற்றி எழுத என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் என் வாயைப் பற்றி எழுதுகிறேன்.

அப்போது என் எடை தொண்ணூற்று நாலு கிலோ. உயரம் ஐந்தடி நாலங்குலம். கேண்டீன் மேனேஜர் ஒல்லியாக இருந்தால் சாப்பிட வருகிறவனுக்கு நம்பிக்கை வராது என்று நானே சொல்லிக்கொண்டு திரிவேன். அரிசி மூட்டையை நகர்த்தி நகர்த்தி வலது பக்கம் குடலிறக்கம் வந்துவிட்டது. ஹெர்னியா. சின்ன ஆபரேஷன், இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பின்பக்கம் முடிச்சுப் போடுகிற பச்சை கவுனை மாட்டிக்கொண்டு, ஊரில் இருக்கிற எல்லாச் சாமியையும் கும்பிட்டுக்கொண்டு மேஜையில் படுத்தேன்.

மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் ஒல்லியான பஞ்சாபிக்காரர். "குச் காயா?" என்று கேட்டார். காலையிலிருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா என்று அர்த்தம்.

"குச் நஹீ" என்றேன். உண்மைதான், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்தார்கள். பி.பி. நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்றாறு. பயத்தில் ஏறியிருக்கும் என்று கால் மணி நேரம் விட்டு மறுபடி பார்த்தார்கள். இன்னும் நாலு கூடியிருந்தது. டாக்டர் தலையை ஆட்டினார். நான் கவுனைப் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்து வெளியே வந்தேன். வாசலில் குல்லாவோடு உட்கார்ந்திருந்த அடுத்த ஆள், "இவ்வளவு ஜல்தியா முடிஞ்சிருச்சா, பாயி சாப்?" என்று ஆச்சரியப்பட்டார்.

மாத்திரையை மாற்றிக் கொடுத்து, இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். போனேன். அதே மேஜை, அதே டாக்டர், அதே "குச் காயா?". இந்தத் தடவை நூற்று எழுபத்திரண்டு. மறுபடியும் நடை.

அன்றைக்குச் சர்ஜன் என்னை உட்கார வைத்து ஹிந்தியில் தெளிவாகச் சொன்னார். "கணேசன்ஜி, இப்போ இது நாம நாள் பார்த்துச் செய்யற ஆபரேஷன். ஒரு நாள் குடல் வெளியில மாட்டிக்கிச்சுன்னா நாள் பார்க்க நேரம் இருக்காது. இந்த பி.பி.யோட, இந்த எடையோட உங்களை அவசரமா அறுக்க எனக்கு விருப்பமில்லை. உப்பைக் குறைங்க. எடையைக் குறைங்க. அப்புறம் வாங்க."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. மெதுவாகச் சொன்னார். 

2. உப்பில்லாத வீடு

டயட் பார்க்கிற பெண்ணின் பெயர் நந்தினி. ஜனக்புரியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் பேசுவாள், ஆனால் மூன்று வார்த்தைக்கு ஒரு வார்த்தை ஹிந்திக்குத் தாவிவிடும். வயது இருபத்தெட்டுதான் இருக்கும். முகத்தில் மட்டும் ஹெட்மிஸ்ட்ரஸ் களை.

"அங்கிள், ஒரு நாளைக்கு எல்லாம் மிலாக்கே, சேர்த்து, ஒரு சின்ன டீஸ்பூன் நமக். அதுக்கு மேல நோ. ஊறுகாய், அப்பளம், நம்கீன் பந்த். ஒரு காப்பி, அதான் நோட்டு, தரேன், வாயில போறது எல்லாம் எழுதணும். அச்சா?"

"அச்சா" என்றேன். நமக் என்றால் உப்பு, பந்த் என்றால் அடியோடு நிறுத்தம்.

என் மனைவி சரோஜா இந்த மாதிரி விஷயத்தில் மிலிட்டரி. அன்றைக்குச் சாயங்காலமே ஊறுகாய் பாட்டில்கள் பக்கத்து குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டன. ஊரிலிருந்து வந்த மோர் மிளகாய் டப்பாவை வீடு பெருக்க வருகிற அம்மாளுக்குக் கொடுத்தாள். சாம்பாரில் உப்பு பாதி, பிறகு கால், பிறகு பேருக்கு. எலுமிச்சம்பழமும் மிளகுமாகப் போட்டுச் சமாளித்தாள். இரண்டு சமையல் செய்ய முடியாது என்பதற்காக இல்லை, எனக்கு ஏக்கம் வரக்கூடாது என்பதற்காக அவளும் அதையே சாப்பிட்டாள். அவளுக்கு பி.பி.யும் கிடையாது, எடையும் கிடையாது. ஐந்து மாதம் அந்தப் பத்தியச் சாப்பாட்டை என் எதிரில் உட்கார்ந்து ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் சாப்பிட்டவள்.

மத்தியானத்துக்கும் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ். கேண்டீன் மேனேஜர் வீட்டுச் சாப்பாடு கொண்டு வருகிறான் என்று ஆபீஸே சிரித்தது. நான் கவலைப்படவில்லை. நந்தினி கொடுத்த நோட்டில் ஒன்று விடாமல் எழுதினேன். காலை: இட்லி மூன்று, உப்பில்லாத சட்னி. மதியம்: சாதம் ஒரு கப், கீரை, மோர். இரவு: சப்பாத்தி இரண்டு. அரிச்சந்திரன் எழுதியிருந்தால்கூட இப்படித்தான் எழுதியிருப்பான்.

ஆனால் மாதத்துக்கு மாதம் போய் எடை மெஷினில் ஏறினால் தொண்ணூற்று நாலு, தொண்ணூற்று மூன்றரை, மறுபடி தொண்ணூற்று நாலு. பி.பி. நூற்று எழுபதை விட்டு இறங்க மறுத்தது.

3. வெள்ளை கேன்

ஐந்தாவது மாதம் நந்தினி பேனாவை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அங்கிள், சச் சொல்லுங்க, உண்மையை. நீங்க எழுதறது வேற, சாப்பிடறது வேற."

"இந்த நோட்டுல ஒரு எழுத்து பொய்னா நான் மீசையை எடுத்துடறேம்மா."

"மீசை வேண்டாம். யூரின் வேணும். இருபத்துநாலு மணி நேரமும் எவ்வளவு வருதோ எல்லாம். ஒரு துளி விடக்கூடாது. உடம்புக்குள்ள போன நமக் அதுல வந்து பேசும்."

ஐந்து லிட்டர் வெள்ளை கேன் ஒன்றைக் கொடுத்தாள். லீவு போட முடியாத நாள் அது. கேனைத் துணிப்பையில் மறைத்து ஆபீஸுக்கு எடுத்துப்போனேன். பாத்ரூமுக்குப் போகும்போதெல்லாம் பையும் கூடவே வந்தது. கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி பாயி சாயங்காலம் பையை எட்டிப் பார்த்து, "மேனேஜர் சாப், மோரா? எனக்கும் ஒரு கிளாஸ் ஊத்துங்களேன்" என்றார். கெட்டுப்போன மோர் என்று சொல்லித் தப்பித்தேன். அந்த ஐந்து மாதத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ரிப்போர்ட் வந்தது. நான் ஒரு நாளில் தின்கிற உப்பு, அவள் அனுமதித்ததைப் போல மூன்று மடங்கு.

"நாளைக்கு ஆன்ட்டியைக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

4. சரோஜாவின் கேன்

சரோஜா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். டாக்டர் கூப்பிட்டால் அவளுக்கு அப்படித்தான். நந்தினி ரிப்போர்ட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"ஆன்ட்டி, கோபப்படாதீங்க. வீட்டில நமக் போட்டுத்தான் சமைக்கிறீங்க. அங்கிள் கேட்டா பாவமா இருக்கும், மத்லப், உங்களுக்கு மனசு கேக்காது. நிறைய வீட்டுல இப்படித்தான்."

சரோஜா கண்ணாடியைக் கழற்றினாள். அவள் கண்ணாடியைக் கழற்றினால் நான் வழக்கமாக வேறு அறைக்குப் போய்விடுவேன். அங்கே வேறு அறை இல்லை.

"ஏம்மா, அவர் திங்கிற அதே சோத்தைத்தான் நானும் அஞ்சு மாசமா திங்கிறேன். நாக்கு செத்துப் போச்சு. உங்கிட்ட இன்னொரு கேன் இருக்கா?"

"எதுக்கு ஆன்ட்டி?"

"குடு. நானும் ஒரு நாள் பிடிச்சுத் தரேன். அதையும் டெஸ்ட் பண்ணு. நான் போட்ட உப்பு என் உடம்புலயும் இருக்கணுமில்ல?"

 நந்தினி எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு கேன் கொண்டுவந்து கொடுத்தாள்.

நாலு நாளில் சரோஜாவின் ரிப்போர்ட் வந்தது. அவ்வளவு குறைவான அளவைத் தான் பார்த்ததே இல்லை என்று நந்தினி எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டாள். "ஆன்ட்டி, நீங்க ஃபர்ஸ்ட் கிளாஸ்." பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

வீட்டுச் சமையலில் உப்பு இல்லை. என் உடம்பில் மூன்று மடங்கு உப்பு. அப்படியானால் நான் வெளியே தின்கிறேன். இதைப் புரிந்துகொள்ள டயட் படிப்பு தேவையில்லை.

 சரோஜா வீட்டுக்கு வந்து, புடவை மாற்றிக்கொண்டு, தட்டு வைக்கும்போதுதான் பேசினாள். "பஜ்ஜி தின்னீங்களா, பக்கோடா தின்னீங்களான்னு நான் கேக்க மாட்டேன். எங்கிட்ட சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான்."

"சத்தியமா எதுவும் திங்கலை, சரோஜா."

அவள் அலமாரியிலிருந்து உப்புக் கிண்ணத்தை எடுத்துத் தன் தட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரசத்தில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாள். ஐந்து மாதத்தில் முதல் தடவை. அந்தக் கிண்ணம் என் பக்கம் வரவே இல்லை. முப்பது வருடத்தில் அவள் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் வலிக்காதது அந்தச் சிட்டிகை உப்பில் வலித்தது.

5. பாராட்டு

இந்த இடத்தில் எங்கள் ஹெட் குக் மிஸ்ராஜியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தர்பங்காவிலிருந்து வந்தவர். ஆசாரமான மனுஷன். சமைக்கிறவன் வாயில் வைத்துவிட்டால் மொத்தப் பாத்திரமும் ஜூட்டா, அதாவது எச்சில், என்பது அவருடைய சித்தாந்தம். நம் பக்கத்திலும் மடியாகச் சமைக்கிறவர்கள் அப்படித்தானே. முன்னூறு பேர் சாப்பாட்டை மூக்காலேயே சமைப்பார். ஆவியை முகர்ந்து பார்த்து, "தனியா ஒரு கை போடு" என்பார். சரியாக இருக்கும்.

ஆனால் ஆவியில் உப்பு தெரியாது. அதனால் உப்பு என் டிபார்ட்மெண்ட். எங்கள் கேண்டீன் விதிப்படி, மேனேஜர் ருசி பார்த்து டேஸ்ட் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடாமல் ஒரு பாத்திரமும் கவுண்டருக்குப் போகக்கூடாது. "மேனேஜர் சாப், ஜரா சக் லீஜியே" என்று மிஸ்ராஜி குரல் கொடுப்பார், கொஞ்சம் ருசி பாருங்கள் என்று. நான் கிண்ணத்தோடு போவேன். ஒரு கரண்டி ஊற்றுவார். குடித்துப் பார்த்து, "நமக் கம்", அதாவது உப்பு கம்மி, என்றால் போடுவார். போட்ட பிறகு சரியாகிவிட்டதா என்று இன்னொரு கரண்டி. பதினேழு வருடத்தில் ஒரு நாள்கூட இந்த வேலையை நான் இன்னொருவரிடம் விட்டதில்லை. அதில் எனக்கு ஒரு கர்வமும் உண்டு.

சரோஜா உப்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் வைத்துக்கொண்ட பத்தாவது நாள் கேண்டீனில் இன்ஸ்பெக்ஷன். மூன்று பேர் கமிட்டி. தலைவி ஒரு வங்காளி அம்மாள், டைரக்டர் லெவல் அதிகாரி. எலிப்பொறி, ஃபிரிட்ஜ், எண்ணெய் டின் எல்லாம் பார்த்துவிட்டு டேஸ்ட் ரிஜிஸ்டரைக் கேட்டார். நிறைய கேண்டீன்களில் இது மாசக் கடைசியில் ஒரே பேனாவில் மொத்தமாக எழுதப்படும். எங்கள் ரிஜிஸ்டர் அப்படி இல்லை. தேதி, நேரம், ஐட்டம், குறிப்பு, கையெழுத்து.

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "மிஸ்டர் கணேசன், இதெல்லாம் நீங்களே ருசி பார்த்ததா? தினமுமா?"

"யெஸ் மேடம். தினமும்."

"சாம்பார், ரெண்டு சட்னி, வடை, போஹா, தால், ராஜ்மா, கடி, ரெண்டு சப்ஜி, ரசம், புலாவ், பக்கோடா... பதினாறு கையெழுத்து இருக்கே ஒரு நாளைக்கு!" கூட வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "இவருக்கு வீட்டில சாப்பாடே செலவில்லை. ஆனா இந்த மாதிரி டெடிகேஷன் நான் பார்த்ததில்லை. ரிப்போர்ட்டில எழுதறேன்."

மிஸ்ராஜி பெருமையாக என்னைப் பார்த்தார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். ஒரு அரை நிமிஷம் நின்றிருப்பேன்.

பிறகு அந்தப் பதினாறு கையெழுத்து தலைக்குள் இறங்கியது. வாசல்வரை போய்க் கமிட்டியை வழியனுப்பிவிட்டு வந்து, ரிஜிஸ்டரைத் திறந்து நானே பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் என் கையெழுத்து. "நமக் கம், போட்டாச்சு, மறுபடி பார்த்தாச்சு." நந்தினி கொடுத்த நோட்டில் நான் எழுதியது ஒன்றுகூடப் பொய்யில்லை. சாப்பிட்டதை எழுதினேன். ருசி பார்ப்பது சாப்பாடு என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது டியூட்டி!

6. டப்பா

ஆனாலும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு கரண்டி, ஒரு வாய், அது என்ன செய்துவிடும்? மறுநாள் வீட்டிலிருந்து மூடி போட்ட பெரிய எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். மிஸ்ராஜி கூப்பிடும்போதெல்லாம் கிண்ணத்தில் வாங்கினேன். வழக்கமாக எவ்வளவு குடிப்பேனோ, எவ்வளவு கடிப்பேனோ, அவ்வளவையும் வாயில் போடாமல் டப்பாவில் போட்டேன். அன்றைக்கு மட்டும் உப்பு பார்க்க கேஷ் கவுண்டர் தேவேந்தரைக் கூப்பிட்டுக்கொண்டேன்.

மிஸ்ராஜி ஓரக்கண்ணால் பார்த்தார். "மேனேஜர் சாப், வீட்டில விசேஷமா?"

"ஆமாம். எனக்குத்தான்."

சாம்பார் ஒன்றரைக் கரண்டி. சட்னியை வெறுமனே நக்க முடியாது, அதனால் அரை வடை. உளுந்து வெந்ததா என்று பார்க்க இன்னொரு அரை வடை. ராஜ்மா உப்பு போடுவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று. கடி. அது வடக்கத்தி மோர்க்குழம்பு. புலாவ் ஒரு கைப்பிடி. சாயங்காலம் பக்கோடா இரண்டு, ஏனென்றால் முதல் பக்கோடாவை வைத்து எண்ணெயைச் சொல்ல முடியாது. நாலு மணிக்கு டப்பா மூடவில்லை. அழுத்தித்தான் மூடினேன்.

சரோஜா கதவைத் திறந்ததும் டப்பாவை அவள் கையில் கொடுத்தேன். வெயிட்டைப் பார்த்து, "என்ன இது? யாருக்குப் பார்சல்?" என்றாள்.

"நான் வெளியில என்ன திங்கிறேன்னு கேட்டியே. இதான். இன்னைக்கு ஒரு நாள்."

திறந்தாள். சாம்பாரும் ராஜ்மாவும் கடியும் சட்னியும் கலந்து, மேலே வடையும் பக்கோடாவும் ஊறிக் கிடந்தன. பார்க்கச் சகிக்கவில்லை. நான் ரிஜிஸ்டர், மிஸ்ராஜி, கமிட்டி என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே ஒரு ஓரத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள்.

வைத்தவுடன் சிங்க்குக்கு ஓடினாள்.

"ஐயோ, என்னங்க இது! உப்பு கரிக்குது! கடல் தண்ணி தோத்துது!"

"கரிக்குதா? நல்லாத்தானே இருக்கும்..." நானும் விரல் விட்டுப் பார்த்தேன். எனக்குக் கரிக்கவில்லை. சரியாக இருந்தது. சொல்லப்போனால், கொஞ்சம் கம்மி.

வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்து என்னைப் பார்த்தாள். அப்போதுதான் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. ஐந்து மாதம் உப்பில்லாமல் சாப்பிட்டதில் அவள் நாக்கு தெளிந்துவிட்டது. தினமும் பதினாறு தடவை உப்பில் ஊறியதில் என் நாக்கு மரத்துப்போயிருந்தது. அந்த மரத்த நாக்கை வைத்துத்தான் நான் வருஷக்கணக்காக "நமக் கம், நமக் கம்" என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

"இதையா முன்னூறு பேருக்குப் போடறீங்க?" என்றாள் மெதுவாக.

 அவள் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தட்டு வைத்தாள். உப்புக் கிண்ணத்தை எடுத்து அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, உப்பில்லாத ரசத்தை எனக்கும் ஊற்றி, தனக்கும் ஊற்றிக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரசத்தில் மிளகு ஜாஸ்தி என்று சொல்லிச் சமாளித்தேன். அவளும் நம்பின மாதிரி இருந்தாள்.

7. தராசு

நந்தினி கதையைக் கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தப்பு என்னோடது அங்கிள். என்ன சாப்பிடறீங்கன்னு கேட்டேன், என்ன வேலை பாக்கறீங்கன்னு கேக்கலை" என்றாள். அவளுக்கு அன்றைக்கு என் மனதில் நூற்றுக்கு நூறு மார்க் போட்டேன். "இனிமே சக்னா பந்த். பில்குல் பந்த்" என்று தீர்ப்பும் சொன்னாள். ருசி பார்ப்பது அடியோடு நின்றது.

ஆனால் ரிஜிஸ்டரில் யாராவது கையெழுத்துப் போட்டாக வேண்டும். மிஸ்ராஜியைக் கேட்டேன். காதைப் பொத்திக்கொண்டார். தேவேந்தரைக் கேட்டேன். "சார், எனக்கு சுகர்" என்றார். கடைசியில் ஸ்டோரில் காய்கறி நிறுக்க வைத்திருந்த எலக்ட்ரானிக் தராசை அடுப்படிக்குக் கொண்டுவந்தேன்.

"மிஸ்ராஜி, இன்னைக்கு வழக்கமா போடற உப்பை இதுல போட்டுட்டு அப்புறம் பாத்திரத்துல போடுங்க."

தாலுக்குப் போட்ட உப்பைப் பார்த்து அவரே, "ராம் ராம்" என்றார். அவர் கை அளவு பத்து வருடத்துக்கு முன் என்னவாக இருந்தது, இப்போது என்ன என்று அவருக்குத் தெரியும். நான் "கம்" என்று சொல்லச் சொல்ல, கை தானாகவே கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

ஒரேயடியாகக் குறைத்தால் முன்னூறு பேரும் சண்டைக்கு வருவார்கள். அதனால் யாரிடமும் சொல்லாமல் வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தோம். எடையை ஒரு அட்டையில் எழுதி அடுப்பு மேல் தொங்கவிட்டோம். மூன்றாவது வாரம் சோப்ரா சாப் என்கிற செக்ஷன் ஆபீசர் மட்டும் வந்து, "கணேசன், தாலில் பழைய தம் இல்லையே" என்றார். எலுமிச்சம்பழத் துண்டு ஒன்றை அவர் தட்டில் பிழிந்துவிட்டேன். "இப்போ சரி" என்று போய்விட்டார். அவ்வளவுதான் வந்த எதிர்ப்பு.

கையெழுத்துக்கும் வழி கண்டுபிடித்தோம். ஒவ்வொரு நாள் ஒரு செக்ஷனிலிருந்து இரண்டு பேர் வந்து ருசி பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். கரண்டி கிடையாது. ரிஜிஸ்டரில் நூல் கட்டி ஒரு டீஸ்பூன் தொங்கவிட்டேன், பக்கத்தில் கழுவித் துடைத்த ஸ்பூன்கள் ஒரு டம்ளர் நிறைய. நூலில் தொங்குவது அளவுக்கு, டம்ளரில் இருப்பது வாய்க்கு. இந்த டியூட்டிக்குப் போட்டி வந்துவிட்டது. ஃபைல் நகர்த்தச் சொன்னால் நகராதவர்கள் பன்னிரண்டு மணிக்கே வந்து வரிசையில் நின்றார்கள்.

முதல் இரண்டு வாரம் எனக்குத்தான் நரகம். "மேனேஜர் சாப்" என்று மிஸ்ராஜி வாய் தவறிக் கூப்பிடுவார், என் கை கிண்ணத்தைத் தேடும். ராஜ்மா வாசனை வந்தால் ஸ்டோர் ரூமுக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை, அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதே மாத்திரை இப்போதுதான் வேலை செய்தது. நூற்று அறுபது, நூற்று ஐம்பது என்று இறங்கியது. எடை ஒன்றும் மாயமாகக் குறையவில்லை, மூன்று மாதத்தில் ஏழு கிலோ. பெல்ட்டில் புது ஓட்டை போட்ட அன்றைக்குச் சரோஜா பாயசம் வைத்தாள். பாயசத்தில் உப்பு கிடையாதே என்று சமாதானம் வேறு.

மூன்றாவது மாதக் கடைசியில் ஒரு நாள் வீட்டு ரசத்தைக் குடித்துவிட்டு, "இன்னைக்கு உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்றேன். சரோஜா கரண்டியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "தினமும் போடறதுதாங்க" என்றாள். அவள் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியவில்லை.

8. மறுபடியும் மேஜை

கேண்டீன் லைனுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். உங்கள் நாக்கை ரொம்ப நம்பாதீர்கள். அது உங்களுக்கு வேண்டியதைத்தான் சொல்லும். அடுப்புப் பக்கத்தில் ஒரு தராசு வையுங்கள். டியூட்டியில் தின்பதும் தின்பதுதான். உங்கள் உடம்புக்கு ஆபீஸ் எது, வீடு எது என்று தெரியாது. இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பதினேழு வருடமும் இரண்டு பச்சை கவுனும் ஆயின. மூன்றாவது கவுன் பற்றியும் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அதே ஆஸ்பத்திரி, அதே மேஜை. சரோஜா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், பட்டுப்புடவையோடு. கையில் பட்டை இறுகி, தளர்ந்தது. ஒல்லி டாக்டர் மீட்டரைப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தடவை காற்றடித்தார். நூற்று முப்பத்தாறுக்கு எண்பத்து நாலு. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு புருவத்தை உயர்த்தினார். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"குச் காயா?"

"குச் நஹீ, டாக்டர் சாப்" என்றேன். "ருசிகூடப் பார்க்கலை."

கடைசி வார்த்தைகளைத் தமிழிலேயே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவருக்குப் புரியவில்லை. முகமூடியை என் மூக்கில் வைத்து, எண்ணச் சொன்னார்.